ஊருக்குப்போற அக்காவின் ஃப்ரிட்ஜ்

திருத்தணியில் ஊருக்கே போகாமல் அதிகத் தடவை ஊருக்குக் கிளம்பியவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், எங்கள் தெரு ஊருக்குப்போற அக்காவை எதிர்த்து நிற்க ஓர் ஆள் கிடையாது. மாதம் தவறாமல் கிளம்புவார். பையைக் கட்டுவார், ஜன்னலைச் சாத்துவார், ஃப்ரிட்ஜைக் காலி செய்து துடைத்துக் கதவைத் திறந்து போடுவார், இருக்கிற மாவையும் தயிரையும் தெரு முழுக்கக் கொடுப்பார். மறுநாள் சாயங்காலம் அதே வீடுகளுக்கு அதே வரிசையில் வந்து, கொடுத்ததையெல்லாம் திருப்பி வாங்கிக்கொண்டு போவார். நடுவில் அவர் பயணம் செய்த தூரம் வாசல்படி வரைக்கும்தான்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் போன் செய்து திட்டுவார், அதனால் எழுதவில்லை. தெருவில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. பால்காரர் முதல் கேஸ் சிலிண்டர் போடுபவர் வரை எல்லாருக்கும் அவர் ஊருக்குப்போற அக்காதான்.

மலையடிவாரத்தில் வீடு அமைவது பூர்வஜென்மப் புண்ணியம் என்று சொல்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். அவர்களில் ஒருவருக்கும் மலையடிவாரத்தில் வீடு இருக்காது. கிருத்திகைக்குக் கிருத்திகை வருவார்கள். மலையேறி முருகனைப் பார்த்துவிட்டு, மொட்டைத் தலையும் பசித்த வயிறுமாக இறங்குவார்கள். இறங்கியதும் கண்ணில் படுகிற முதல் சொந்தக்காரர் வீட்டு வாசலில் செருப்பை விடுவார்கள். அக்காவின் வீடுதான் அந்த முதல் வீடு.

நகரியிலிருந்து ஒரு கூட்டம், அரக்கோணத்திலிருந்து ஒரு கூட்டம், மணவூரிலிருந்தும் திருவாலங்காட்டிலிருந்தும் உதிரியாகச் சிலர். எல்லாரும் அக்காவின் கணவர் பக்கத்து ஆட்கள். அக்காவின் பக்கம் என்று இருந்தது பெங்களூரில் ஒரே ஒரு தங்கை. அவள் ஒருத்திதான் சாப்பிட வராதவள்.

கணவரை ஊரே நைனா என்று கூப்பிடும். அடிவாரத்தில் காவடி, மயிலிறகு, கற்பூரம் விற்கிற கடை அவருடையது. நல்ல மனிதர். இந்த வாக்கியத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். கடை வாசலில் தெரிந்த முகம் ஒன்று தென்பட்டால் போதும், "சாமி பாத்துட்டு அப்டியே வூட்டுக்குப் போய் சாப்ட்டுட்டு போங்க. அவ வூட்லதான் சும்மா கீறா" என்பார். ஊரில் அவருக்கு அன்னதானப் பிரபு என்று பட்டம். அன்னத்தை வடித்தது அக்கா, தானத்தின் பெயர் மட்டும் இவருக்கு.

அந்த வீட்டு ஃப்ரிட்ஜ் கூட அக்காவுக்காக வாங்கியது இல்லை. "வெயில்ல வரவங்களுக்கு சில்லுனு தண்ணி குடுக்கலாம் பாரு" என்று நைனா வாங்கிப்போட்ட பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் அது. குடிக்கிறவர்கள் குடித்துவிட்டுப் பாட்டிலைக் காலியாகவே உள்ளே வைப்பார்கள். நிரப்புவதும் அக்காதான்.

நைனாவின் பெரிய அக்கா நகரியில் இருப்பவர். நமக்கெல்லாம் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் குழாயடி, பிறகு சாமி மாடம். பெரிய நாத்தனாருக்கு முதலில் ஃப்ரிட்ஜ். கதவைத் திறந்து குனிந்து ஒரு பார்வை பார்ப்பார்.

"மாவு கீதா? ஆங், கீது. தயிரும் கீது. அப்ப செரி. நீ ஒண்ணும் சிரமப்படாத. எல்லாருக்கும் தோசையே ஊத்திடு."

எல்லாருக்கும் என்றால் ஒரு வேன் நிறைய. அத்தனை பேருக்கும் ஒற்றைக் கல்லில் தோசை ஊற்றுவது சிரமமில்லாத வேலை என்று முடிவு செய்தவர் கூடத்தில் மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்துகொள்வார். அங்கிருந்து குரல் மட்டும் சமையலறைக்கு வரும். "புள்ள குட்டி கீதா உனுக்கு? வேற இன்னா வேல? நல்லா மொறுமொறுன்னு ஊத்து." அக்காவுக்குக் குழந்தைகள் இல்லை. அதை மாதாமாதம் ஒருவர் நகரியிலிருந்து வந்து ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

நான் அந்தத் தெருவுக்குக் குடிவந்தது பள்ளிக்கூட வேலை மாற்றலாகி. வந்த மாதமே ஒரு கிருத்திகை. முந்தின நாள் மாலை, அறிமுகமே இல்லாத ஓர் அம்மாள் எவர்சில்வர் தூக்கு ஒன்றோடு வாசலில் நின்றார்.

"நாளைக்கு ஊருக்குப் போறேன். மாவு கெட்டுப்பூடும். வெச்சிக்க டீச்சரு."

உருகிப்போனேன். இதற்கு முன் இருந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் எங்களுக்குத் தந்தது தண்ணீர் மோட்டார் சண்டை ஒன்றுதான். அன்று ராத்திரியே தோசை வார்த்து, "மனுஷங்கன்னா இப்படி இருக்கணும்" என்று என் கணவருக்கு ஒரு பிரசங்கமும் செய்தேன். மறுநாள் சாயங்காலம் அதே அம்மாள் அதே வாசலில் வெறுங்கையோடு நின்றார்.

"எங்க என் மாவு?"

"சாப்பிட்டுட்டோம்க்கா. ரொம்ப நல்லா இருந்தது."

"சாப்ட்டியா?" அவர் முகம் போன போக்கைப் பார்த்து, விஷம் கிஷம் கலந்த மாவோ என்று பயந்துவிட்டேன். "இன்னா பொம்பளம்மே நீ! குடுத்தா துன்னுடுவியா?"

"ஊருக்குப் போறேன்னு சொன்னீங்களே..."

"ஆங், போறேன்னுதான் சொன்னேன். பூட்டேன்னு சொன்னனா?"

எதிர்வீட்டு சரோஜா ஓடிவந்து நடுவில் நின்றாள். "புச்சா வந்துகிறாங்கக்கா. அவுங்களுக்குத் தெரியாது. நான் சொல்லிக் குடுக்கறேன் வுடு."

அப்படித்தான் எனக்குத் தெருவின் சட்டதிட்டங்கள் தெரிந்தன. அக்கா கொடுப்பதை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். தொடக்கூடாது. அவர் மாவில் உப்பு இருக்காது, நாமும் போடக்கூடாது. உப்புப் போட்ட மாவு பொங்கிப் புளித்துவிடும், திருப்பி வாங்கப்போகிற மாவுக்கு எதற்கு உப்பு? நம் பாத்திரத்துக்கு மாற்றவும் கூடாது. அக்காவின் தூக்குகள் எல்லாவற்றிலும் நைனாவின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். அந்தத் தூக்கிலேயே வந்து அந்தத் தூக்கிலேயே திரும்ப வேண்டும்.

இந்த வழக்கம் தொடங்கிய கதையையும் சரோஜாதான் சொன்னாள். ஆரம்பத்தில் அது நாடகமே இல்லையாம். ஒரு தடவை அக்கா நிஜமாகவே பெங்களூர் தங்கை வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறார். ஃப்ரிட்ஜைக் காலி செய்து, அணைத்து, துடைத்து, மாவையெல்லாம் தெருவுக்குத் தானம் செய்துவிட்டுப் பையும் கையுமாக வாசலுக்கு வந்தால், எதிரே வேனிலிருந்து நாத்தனார் இறங்குகிறார். வழக்கம்போல நேரே உள்ளே போய் ஃப்ரிட்ஜைப் பார்த்தார். உள்ளே வெறும் கம்பித் தட்டுகள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "செரி, நாங்க ஓட்டல்லயே பாத்துக்கறோம்" என்று கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் நைனா வந்தார். "எங்கக்கா வந்துகிறா, நீ பையத் தூக்கினு கெளம்புறியா? வை உள்ள" என்றார். அவ்வளவுதான், பயணம் ரத்து. அக்கா பையை வைத்துவிட்டு, அழுது முடித்து முகம் கழுவி, வீடு வீடாகப் போய் மாவைத் திருப்பிக் கேட்டார். ராத்திரி நைனாவுக்குத் தோசை ஊற்ற வேண்டுமே. ஆனால் அன்று ஒரு வேளைச் சமையல் தப்பியது அவருக்கு மறக்கவில்லை. அடுத்த கிருத்திகையின் முந்தின நாளே ஃப்ரிட்ஜைத் திறந்து போட்டுவிட்டார்.

நாத்தனாரும் லேசுப்பட்டவர் இல்லை. இரண்டாவது தடவையே ஃப்ரீசருக்குள் கையை விட்டுப் பார்த்தார். "ஊருக்குப் போறவ ஐஸ உருக வுடாமயா போற?" அதற்கடுத்த மாதம் அக்கா முந்தின நாள் காலையிலேயே அணைத்து, கீழே பழைய துண்டைப் போட்டு, ஐஸ் முழுக்க உருகும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார். "தண்ணி பாட்டிலு நெறஞ்சி கீதே?" என்று வந்தது அடுத்த கேள்வி. பாட்டில்கள் எல்லாம் கழுவிக் கவிழ்க்கப்பட்டன. "மோந்து பாத்தா மோர் வாசன அடிக்குதே?" என்றார் நாத்தனார். சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் தட்டுகளைத் துடைத்து, நடுத்தட்டில் ஒரு கிண்ணம் காபிப் பொடி வைத்தார் அக்கா. கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க இடுக்கில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தார். ஒயரைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டார். வீடு மாற்றித் தரும் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்திருந்தால் அக்காவை வேலைக்கு எடுத்திருப்பார்கள்.

எல்லாம் முன்பக்கம் மட்டும்தான். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், அடியில், உருகின தண்ணீர் வடிந்து நிற்கிற தட்டு ஒன்று இருக்கும். வீட்டைப் பூட்டிக்கொண்டு நிஜமாக வெளியூர் போகிறவர்கள் அதை உருவிக் கொட்டிக் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது கொசுவும் நாற்றமும் வாசலில் வந்து வரவேற்கும். ஒருநாள் இதை நான் சொன்னேன். அக்கா சிரித்தார். நாத்தனாரை அவர் வதினா என்றுதான் சொல்வார்.

"தெரியும் டீச்சரு. வதினாவுக்கு முட்டி வலி, அவ்ளோ தூரம் குனிய மாட்டாங்க. பாக்காத எடத்துக்கு எதுக்கு மேக்கப்பு?"

இத்தனை ஏற்பாடும் பாதிக்குப் பாதிதான் பலித்தது. நைனா கடையில் வேலையாக இருந்துவிட்டால் கூட்டம் ஓட்டலுக்குப் போகும். நைனா கூடவே வந்துவிட்டால், "ஊரு எங்க போய்டப்போவுது, மொதல்ல உலைய வை" என்று விடுவார். அக்கா பையை இறக்கிவிட்டு உலை வைப்பார்.

தங்கையின் போன் வாரா வாரம் வரும். அக்கா அதை ஸ்பீக்கரில் போட்டுச் சமையல் மேடையில் வைத்துக்கொண்டு வெங்காயம் உரிப்பார். "ஒரே ஒரு வாட்டி வாக்கா. நான் ஆக்கிப் போடறேன், நீ குந்திகினு துன்னு. என் வூடு எப்டி கீதுன்னு நீ பாத்ததே இல்லியேக்கா" என்று அவள் கெஞ்சுவது என் வீட்டு ஜன்னல் வரை கேட்கும். நைனாவின் பதில் எப்போதும் தயாராக இருக்கும். "போலாம் போலாம். ஆடிக் கிருத்திகை ஆவட்டும்." ஆடி போனால் கந்த சஷ்டி, அது போனால் வருஷக் கடைசியில் படிப் பூசை, அப்புறம் தைப்பூசம், பங்குனி உத்திரம். முருகனுக்கு விசேஷமில்லாத மாதம் ஏது? ஒருநாள் அக்கா மலையை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "அவருக்காச்சும் ஒத்தாசைக்கு வள்ளி, தெய்வானைன்னு ரெண்டு பேரு. இங்க நான் ஒருத்தி."

ஒரு பங்குனியில்தான் நாத்தனார் பெரிய பாணத்தை எடுத்தார். காலி ஃப்ரிட்ஜைப் பார்த்தார், வாசலில் பையோடு நின்ற அக்காவைப் பார்த்தார். "அடடே, ஊருக்கா? வா, நானே வண்டி ஏத்தி வுட்டுட்டு அப்பால போய் சாமி பாக்கறேன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். ஆட்டோவில் ஏற்றினார். ஸ்டேஷனில் அவரே அரக்கோணத்துக்கு டிக்கெட் எடுத்தார். ரயில் நகரும்வரை நின்று கையாட்டினார். அக்காவின் பையில் அன்று இருந்தது ஒரு தலையணை மட்டும். எல்லாக் கிருத்திகைக்கும் அந்தப் பைக்குள் அந்தத் தலையணைதான் போகும், உப்பலாகத் தெரிய வேண்டுமே.

விளக்கு வைக்கிற நேரத்தில் அக்கா திரும்பினார். மாவு கேட்டுத்தான் வருகிறார் என்று தூக்கை எடுத்துவந்தேன். வாங்கிக்கொள்ளாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னக்கா ஆச்சு?"

"அரக்கோணம் ப்ளாட்பாரத்துல குந்திகினு இருந்தேன்மே. பசிச்சிது. ஒரு எலுமிச்ச சாதம் பொட்டலம் வாங்கித் துன்னேன். யாரோ ஆக்கின சோறு. உப்பு கம்மி." சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. "துன்னுகினு இருக்கசொல்ல ஒருத்தரும் என்ன எயுப்பல டீச்சரு. ரசம் கொண்டான்னு சொல்லல. அப்பால பெங்களூரு வண்டி வந்துச்சு. என் எதிர்லயே நின்னுகினு இருந்துச்சு. பூட்ச்சி."

"ஏறியிருக்கலாமேக்கா. தங்கச்சி வீடுதானே?"

"எப்டி ஏறுவேன்? ஃப்ரிட்ஜு பின்னாடி தட்டுல தண்ணி நிக்குது. கயுவல. அப்டியே வுட்டுட்டா போவாங்க?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்துக்கொண்டே தூக்கை வாங்கிக்கொண்டு போனார். நைனா இந்தக் கதையைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கற்பூரத்தோடு சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "எங்க வூட்டம்மா ஊருக்குப் போச்சு கேட்டீங்களா? அரக்கோணம் ப்ளாட்பாரம் வரைக்கும்!" ஊர் சிரித்தது. அக்காவும் பொறுமையாகச் சிரித்துக்கொண்டு அடுத்து வந்த கிருத்திகைகளையும் சமைத்து முடித்தார்.

போன ஆடிக் கிருத்திகை. எங்கள் ஊருக்கு வருஷத்தில் அதைவிடப் பெரிய கூட்டம் இல்லை. முந்தின நாள் அக்கா வழக்கத்துக்கு மாறாகக் காலையிலேயே வந்தார்.

"ஊருக்குப் போறேன் டீச்சரு. மாவு. உப்பு போட்டுகிறேன், இன்னிக்கே ஊத்திடு."

"ஆகட்டும்க்கா, பத்திரமா போய்ட்டு வாங்க" என்று நானும் எப்போதும் பேசுகிற வசனத்தைப் பேசிவிட்டு, வாங்கின மாவை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். அவர் சொன்னது காதில் விழுந்தது. மண்டைக்குள் இறங்கவில்லை. முதல்தடவை தின்றுவிட்டு வாங்கிய திட்டு அப்படிப்பட்டது. அக்கா கொடுத்த மாவைத் தொடாமல் வைக்க எங்கள் தெருவே பழகிப் போயிருந்தது.

மறுநாள் விடிந்ததிலிருந்து காவடியும் அரோகராவும். நாத்தனாரின் வேன் வந்தது. நைனா விடியுமுன்பே கடைக்குப் போயிருந்தார். வீடு பூட்டியிருந்தது, அக்கா கொடுத்துவிட்டுப் போன சாவி சரோஜாவிடம் இருந்தது. திறந்து உள்ளே போனார்கள். ஃப்ரிட்ஜ் கதவு திறந்து, துண்டு செருகி, காபிப் பொடிக் கிண்ணம் வைத்து, எல்லாம் நியமப்படி இருந்தது.

"திரும்பியும் டிராமாவா? வரட்டும், வரட்டும்" என்று நாத்தனார் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். "எங்க போவப்போறா? எலுமிச்ச சோறு துன்னுட்டு வந்துடுவா."

நைனாவும் கடையிலிருந்தபடியே ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். மத்தியானத்துக்குள் கூடம் நிறைய மொட்டைத் தலைகள். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் நேரே ஃப்ரிட்ஜிடம் போய், திறந்திருக்கிற கதவை இன்னும் கொஞ்சம் திறந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். அத்தனை பேரில் அடுப்பைப் பற்றவைக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லையா என்று கேட்காதீர்கள். எத்தனையோ பேர் இருந்தார்கள். விருந்தாளி அடுப்பைத் தொட்டால் வீட்டுக்காரருக்கு மரியாதைக் குறைவாம். வீட்டுக்காரரின் மரியாதைக்காக எல்லாரும் பசியோடு கிடந்தார்கள்.

பொழுது சாயும்போது நைனா என் வாசலில் நின்றார். "டீச்சரம்மா, அவ குடுத்த மாவு கீதுங்களா? பசங்க பசியில கத்துதுங்க. இவ இன்னும் வர்ல."

ஃப்ரிட்ஜைத் திறந்தேன். மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு, கீழே இருந்த கத்திரிக்காய் மேலெல்லாம் வழிந்திருந்தது. அக்காவின் மாவு என் வீட்டில் ஒருநாளும் பொங்கியதில்லை. தூக்கை வெளியே எடுத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கக் கைக்கு அடியில் புள்ளி எழுத்துகள் தெரிந்தன. நைனாவின் பெயர் இல்லை, என் பெயர். என் கல்யாணத்துக்குச் சித்தி வெட்டிக் கொடுத்த தூக்கு அது. எப்போதோ பாயசம் போட்டு அக்காவுக்குக் கொடுத்தனுப்பி மறந்தே போயிருந்தேன்.

தூக்கோடு தெருவுக்கு வந்தால், எதிரே சரோஜா ஒரு சம்படத்தோடு நிற்கிறாள். அவள் வீட்டிலும் மாவு பொங்கியிருந்தது.

"இது என் சம்படம் டீச்சர். போன தீபாவளிக்கு முறுக்கு போட்டுக் குடுத்தது."

மூன்றாவது வீட்டிலும், கோடி வீட்டிலும் அப்படியே. ஒவ்வொரு வீட்டுக்கும் அவரவர் பாத்திரம், அதில் மாவு. வெறும் பாத்திரமாகத் திருப்பக்கூடாது என்று நிறைத்துக் கொடுத்திருக்கிறார். ஒரு கரண்டிகூட யாருடையதும் அந்த வீட்டில் பாக்கியில்லை. "உப்பு?" என்று கேட்டேன். "போட்டுகிறேன், இன்னிக்கே ஊத்துங்கோன்னாங்க. நான்தான் வழக்கம்போல எடுத்து வெச்சிட்டேன்" என்றாள் சரோஜா. சொல்லிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் அக்காவின் வீட்டுக்குள் போனேன். மொட்டைகளைத் தாண்டி, ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் நகர்த்தி, பின்னால் குனிந்து பார்த்தேன். தட்டை உருவிக் கழுவி, துளி ஈரமில்லாமல் துடைத்து, செய்தித்தாள் மேல் கவிழ்த்து வைத்திருந்தார். எப்போதும் பைக்குள் போகிற தலையணை கட்டிலில் இருந்தது.

"இது இன்னாது?" என்றார் பின்னாலேயே வந்த நைனா.

"ஃப்ரிட்ஜோட தண்ணித் தட்டு."

"இதெல்லாம் கீதா அது பின்னாடி?"

அத்தனை வருஷம் அந்த ஃப்ரிட்ஜில் சில்லென்று தண்ணீர் குடித்தவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தட்டை அவர் கையிலேயே கொடுத்தேன். "அக்கா ஊருக்குப் போய்ட்டாங்க நைனா" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்கம்மே கீற?"

"தங்கச்சி வூட்ல."

"எப்ப வர?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று கேட்டது. யாரோ, "நீ எயுந்துக்காதக்கா, நான் பாத்துக்கறேன்" என்றார்கள்.

"ஃப்ரிட்ஜு நல்லா காஞ்சிகிது" என்றார் அக்கா. "கதவ மட்டும் சாத்தாத. சாத்துனா நாறும்." போன் வைக்கப்பட்டது.

"பாத்தியாடா, சொல்லாம கொள்ளாம பூட்டா!" என்று நாத்தனார் தலையில் கைவைத்துக்கொண்டார். சொல்லாமலா? வருஷக்கணக்காக, மாதாமாதம், தெரு முழுக்கச் சொல்லி, பாத்திரம் பாத்திரமாகக் கொடுத்து, ஊருக்குப் போகிறேன் ஊருக்குப் போகிறேன் என்று இந்தப் பெண் சொன்னதைப்போல யாராவது சொல்லியிருக்கிறார்களா? இதை நான் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவர் கூட்டத்தை எழுப்பினார். எல்லாரும் ஓட்டலுக்குப் போனார்கள்.

வருகிறவர்கள் பார்த்தால் கௌரவக் குறைச்சல் என்று நைனா அந்த ராத்திரியே ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்திவிட்டார். சில வாரத்தில் ரப்பரெல்லாம் கறுப்புப் பூஞ்சை பிடித்து வீடே நாறியது. வருகிறவர்களும் வேகமாகக் குறைந்தார்கள். அன்னதானப் பிரபுவைப் பார்க்க வந்தவர்கள் யாருமில்லை, தோசைக்குத்தான் வந்திருக்கிறார்கள். இதை நைனா கண்டுபிடிக்க அக்காவின் பாதி ஆயுள் செலவாகியிருக்கிறது. நாத்தனார் இப்போது வேனை நேரே ஓட்டல் வாசலில் நிறுத்துகிறார், சாம்பார் சரியில்லை என்று அங்கே குறை சொல்வதாகக் கேள்வி.

"நீங்களே ஒரு எட்டு பெங்களூர் போய்ப் பேசிப் பாருங்களேன் நைனா" என்று மனசு கேட்காமல் ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"போவணும் டீச்சரம்மா" என்றார் அவர். "இந்தக் கிருத்திகை ஆவட்டும்."

அக்கா எனக்கு ஒரு தடவை போன் செய்தார்.

"மாவ ஊத்துனியா?"

"பொங்கி வழிஞ்சு வீணாப் போச்சுக்கா. நீங்க வந்து கேப்பீங்கன்னு எடுத்து வெச்சேன்."

"இன்னா பொம்பளம்மே நீ! உப்பு போட்டுகிறேன்னு சொன்னனா இல்லியா? குடுத்தா துன்னத் தெரியாதா உனுக்கு?"

திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது எனக்கு நினைவில்லை. சாப்பாடெல்லாம் எப்படி என்று கேட்டேன். தங்கைக்குக் கை உப்பே சரியில்லை, குழம்பில் கம்மி, பொரியலில் ஜாஸ்தி, ஒருநாளும் நன்றாக இல்லை என்று நெடுநேரம் குறை சொன்னார். அடுப்பில் நின்று திருத்திக் கொடுக்கலாமே என்றேன். "எனக்கின்னா வந்துச்சு? போடறத துன்னுட்டு குந்திகினு கீறேன்" என்றார்.

கிருத்திகைக்கு முந்தின நாள் மாலையானால் இப்போதும் என் கண் வாசலுக்குப் போகிறது. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு தூக்கு வைக்கிற இடத்தை இன்றைக்கும் காலியாகவே விட்டிருக்கிறேன், கை பழகிவிட்டது. ஆனால் மறுநாள் சாயங்காலம் விளக்கேற்றும்போது மலையைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் வேண்டிக்கொள்கிறேன்: என் மாவு எங்கே என்று கேட்டுக்கொண்டு அக்கா இந்த வாசலுக்குத் திரும்பி வந்துவிடக் கூடாது.